கிராபீன் ஆக்சைடு தயாரித்து, மணலில் பூசி, சாயநீரில் சோதிப்பது எப்படி: கடலூர், புதுவைக் கல்லூரி ஆய்வகங்களுக்கான வழிகாட்டி

கிராபீன் என்றாலே எஃகைவிட வலிமையானது, தாமிரத்தைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவது என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004-இல் பிரித்தெடுத்த அந்த ஒற்றை அணு அடுக்குக் கரித்தாளுக்கு இந்தப் புகழ் பொருந்தும். அவர்களுக்கு 2010-இல் இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மாசு படாத அந்தத் தூய தாள் நீரில் கலக்காது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மீண்டும் கிராபைட்டைப் போலவே படிந்துவிடும். உலோக அயனிகளையோ பிசின்களையோ பற்றிக்கொள்வதற்கான பிடிமானமும் அதில் இல்லை. தண்ணீர்ச் சுத்திகரிப்பு, பூச்சு, மின்தேக்கி, சிமென்ட் ஆகிய துறைகளில் இன்று பயன்படுவனவற்றுள் பெரும்பகுதி வேதியியல் முறையில் மாற்றப்பட்ட கிராபீன் வகைகளே. தாளின்மேல் ஆக்சிஜன் தொகுதிகள் ஏறிய கிராபீன் ஆக்சைடு அவற்றுள் ஒன்று. ஆகவே ஆய்வகத்தில் இறங்கும் மாணவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தம் பயன்பாட்டுக்கு அந்தத் தாளின்மேல் எந்த வேதித்தொகுதி இருக்க வேண்டும் என்பதைத்தான்.

இந்த வழிகாட்டி, முதுகலை வேதியியல் மாணவர்களையும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி உப்பனாறு ஓடும் ஊரில், நிறமேறிய கழிவுநீரைப் பற்றிய ஆய்வுத்திட்டத்தை மாணவர்கள் விரும்பி எடுப்பதில் வியப்பில்லை. அந்த விருப்பம் நல்ல அளவீடாக முடிய வேண்டும் என்ற அக்கறையோடுதான் கீழ்க்கண்ட முறை விரிவாகத் தரப்படுகிறது. பள்ளி மாணவர்களும், புகை உறிஞ்சும் பெட்டி இல்லாத ஆய்வகங்களில் பணிபுரிபவர்களும் தயாரிப்புப் பகுதியை விட்டுவிட்டு, நீரில் கலந்த கிராபீன் ஆக்சைடை விலைக்கு வாங்கி, மணலில் பூசும் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். சந்தையில் அது எளிதாகக் கிடைக்கிறது. அதை வாங்கிப் பயன்படுத்துவதால் ஆய்வின் மதிப்பு சிறிதும் குறையாது.

தயாரிப்பு முறையைத் தேர்வு செய்தல்

கிராபைட்டை ஆக்சிஜனேற்றும் முயற்சி பழையது. புரோடி 1859-இலேயே பொட்டாசியம் குளோரேட்டையும் புகையும் நைட்ரிக் அமிலத்தையும் கொண்டு இதைச் செய்தார். ஹம்மர்ஸும் ஆஃப்மனும் 1958-இல் வெளியிட்ட முறை அடர் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. நம் கல்லூரிகளின் ஆய்வேடுகளில் இன்றும் இதுவே அதிகம் காணப்படுகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் 2010-இல் நைட்ரேட்டை அறவே நீக்கி, அதற்குப் பதிலாகப் பாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்த்தனர். நைட்ரேட்டு இல்லாததால் நச்சான நைட்ரஜன் டைஆக்சைடு வாயு எழுவதில்லை. கிடைக்கும் பொருளும் சீராக ஆக்சிஜனேற்றம் பெற்றிருக்கிறது. காற்றோட்டம் எப்போதும் போதுமானதாக இராத நம் ஆய்வகங்களுக்கு இந்த முறையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

தொடங்குமுன் ஓர் ஆபத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அடர் கந்தக அமிலத்தில் பெர்மாங்கனேட்டு சேரும்போது மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு உருவாகிறது. கரைசல் கரும்பச்சையாக மாறுவது அதனால்தான். ஏறத்தாழ 55 டிகிரி செல்சியசுக்கு மேல் அது வெடித்துச் சிதையக்கூடியது. ஆல்கஹால், அசிட்டோன் போன்ற கரிமப் பொருள்கள் பட்டாலும் தீப்பற்றும். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் கரையோரத்தில் அறை வெப்பமே 35 டிகிரியைத் தாண்டி நிற்பதால், ஆபத்தான எல்லைக்கும் நம் கலவைக்கும் இடையில் உள்ள இடைவெளி ஏற்கெனவே சுருங்கிவிடுகிறது. ஆகையால் இந்த வேலையை விடியற்காலையில் தொடங்குவதும், போதிய பனிக்கட்டியை முன்னதாகவே சேர்த்து வைப்பதும், வெப்பமானியைக் கலவைக்குள்ளேயே நிறுத்தி வைப்பதும் கட்டாயம். தனியாக ஒருவர் செய்யக் கூடாது. ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். முழு முகத்தையும் மறைக்கும் ஒளிபுகும் கவசம், அமிலம் தாங்கும் கையுறை, பருத்தி மேலங்கி ஆகிய மூன்றும் அணிந்திருக்க வேண்டும்.

கிராபைட்டை ஆக்சிஜனேற்றுதல்

1 கிராம் செதில் கிராபைட்டு போதும். சிவகங்கை மாவட்டத்தில் கிராபைட்டு கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டியெடுத்துச் செறிவூட்டுகிறது. ஆனாலும் முதல் முயற்சிக்குத் தூய்மை குறிக்கப்பட்ட ஆய்வகத் தரப் பொடியை வாங்குவது நல்லது. அப்போதுதான் பிற்பாடு எழும் ஐயங்களுக்கு மூலப்பொருளைக் காரணம் காட்ட நேராது. 250 மி.லி. முகவையில் வேலை செய்தால் நுரைக்கு இடம் போதாது, 500 மி.லி. கொள்ளளவுள்ள, மூன்று வாய்கள் கொண்ட உருண்டைக் குடுவையைப் பயன்படுத்த வேண்டும்.

அடர் கந்தக அமிலம் 120 மி.லி., பாஸ்பாரிக் அமிலம் 13 மி.லி. ஆகியவற்றைக் குடுவையில் கலந்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, 5 டிகிரிக்குக் கீழே குளிரவிட வேண்டும். காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே கிராபைட்டைத் தூவ வேண்டும். பிறகு 6 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஒரேயடியாகக் கொட்டாமல், கரண்டி நுனியளவாக, அரைமணி நேரத்துக்கும் மேலாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இருப்பதை உறுதிசெய்த பின்னரே அடுத்த சிட்டிகையைச் சேர்க்கலாம். முழுவதும் சேர்ந்த பின் பனிக்கட்டித் தொட்டியை அகற்றி, 45 முதல் 50 டிகிரி வரை நிலைநிறுத்தப்பட்ட நீர்த்தொட்டியில் 12 மணி நேரம் கலக்க வேண்டும். இரவு முழுவதும் ஆளில்லாமல் விட்டுச் செல்வது சில ஆய்வகங்களின் வழக்கம். வெப்பக் கட்டுப்படுத்தி பழுதானால் என்ன நேரும் என்பதை மேற்சொன்ன 55 டிகிரி எல்லையே சொல்லிவிடுகிறது. காலை 6 மணிக்குத் தொடங்கினால் இரவுக்குள் முடிந்துவிடும்.

கலவை கெட்டியாகிப் பழுப்பு நிறம் கொண்டதும் அறை வெப்பத்துக்குக் குளிரவிட்டு, வடிநீரில் உறையவைத்த 150 கிராம் பனிக்கட்டியின்மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். அமிலத்தின்மேல் நீரை ஊற்றுவது எந்நிலையிலும் கூடாது. இதில் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் துளித்துளியாக 1 மி.லி. சேர்த்தால், எஞ்சிய பெர்மாங்கனேட்டு அழிந்து, கலவை பளிச்சென்ற பொன்மஞ்சள் நிறம் பெறும். அந்த நிறம் வராவிட்டால் இன்னும் சில துளிகள் சேர்க்கலாம். அதன் பின்னும் கருப்பாகவே இருந்தால் ஆக்சிஜனேற்றம் முழுமையாகவில்லை என்று பொருள்.

கழுவுதல்

பலரும் அவசரப்படும் இடம் இதுதான். ஆய்வின் நம்பகத்தன்மை பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. பொன்மஞ்சள் கலவையை முதலில் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இரண்டு, மூன்று முறை கழுவி, மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை நீக்க வேண்டும். அமிலம் மாங்கனீஸ், பொட்டாசியம் ஆகியவற்றின் அயனிகளை இழுத்துச் செல்கிறது. அதன் பிறகு வடிநீரால் மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். அமிலத்தன்மை குறையக் குறையத் தாள்களின்மேல் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குவதால், படிவு வடித்த கஞ்சியைப் போலக் கெட்டிப்பட்டு, மையவிலக்கியிலும் படிய மறுக்கும். இதைக் கெட்டுப்போனதாக எண்ணிக் கைவிட வேண்டாம். தாள்கள் பிரிகின்றன என்பதற்கு இதுவே முதல் அறிகுறி. இந்நிலையில் கூழை, தாள்களை உள்ளே நிறுத்தி அயனிகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் சவ்வுப் பையில் இட்டு, ஒரு வாரம் வரை நாள்தோறும் வடிநீரை மாற்றிவர வேண்டும்.

கழுவியது போதுமா என்பதை இளநிலை வகுப்பில் கற்ற சோதனைகளாலேயே அறியலாம். பையின் வெளிநீரில் சில துளி பேரியம் குளோரைடு சேர்த்தால் வெண்படிவு வரக் கூடாது. வேறொரு பங்கில் சில்வர் நைட்ரேட்டு சேர்த்தாலும் கலங்கக் கூடாது. கடலூரிலும் புதுவையிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், கழுவும் வேலைக்குக் குழாய் நீரை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கால்சியம், மக்னீசியம் அயனிகள் தாள்களை இணைத்துக் கட்டியாக்கிவிடும்.

கழுவுதல் குறைவாக இருப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. உலர்ந்த கிராபீன் ஆக்சைடு ஆற்றல் செறிந்த பொருள்; பொட்டாசியம் உப்பு எஞ்சியிருந்தால் சூடாக்கும்போது சட்டெனப் பற்றி எரியும். எனவே கூழாகவே சேமித்து வைப்பதுதான் சிறந்தது. உலர்ந்த பொடி தேவைப்பட்டால் சிறிதளவு மட்டும், 50 டிகிரிக்கு மேற்படாமல் உலர்த்த வேண்டும்.

செறிவை அறிய, கூழில் 5 மி.லி. எடுத்து, எடையறிந்த கண்ணாடித் தட்டில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் இட்ட உலர்த்திக் கலனில் குளிரவைத்து, எடுத்தவுடன் எடை பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றின் ஈரம் கிராபீன் ஆக்சைடில் விரைந்து ஏறும். தராசில் எண் மெல்ல உயர்ந்துகொண்டே போவதைக் காணலாம்.

கிடைத்தது கிராபீன் ஆக்சைடுதானா?

நீர்த்த கரைசலைப் புறஊதா-கண்ணுறு ஒளி நிறமாலைமானியில் வைத்தால் 230 நானோமீட்டர் அருகே ஒரு முகடும், 300 அருகே ஒரு தோள் வளைவும் தெரிய வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் 1720 அலையெண் அருகே கார்பாக்சிலின் கார்பனைல் பிணைப்பு தோன்றும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் கிராபைட்டுக்கு 26.5 டிகிரி கோணத்தில் இருந்த கூர்முகடு மறைந்து, 10, 11 டிகிரி அருகே புதிய முகடு எழும். அடுக்குகளுக்கு இடையே 0.335 நானோமீட்டராக இருந்த தூரம் 0.8 அளவுக்கு விரிந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. பழைய முகடு சிறிதளவேனும் எஞ்சியிருந்தால், மாறாத கிராபைட்டு கலந்திருக்கிறது. மெதுவாகச் சுழற்றி அதைப் படியவைத்து நீக்கலாம். இராமன் நிறமாலையில் 1350, 1590 அலையெண்களை ஒட்டி இரு பட்டைகள் வரும். முதலாவது குறைபாடுகளால் எழுவது. சி.வி. இராமன் 1928-இல் கண்டறிந்த விளைவு இன்று உலகெங்கும் கிராபீனை அடையாளம் காணும் முதன்மைக் கருவியாக விளங்குவது நமக்குப் பெருமை தரும் செய்தி. கல்லூரியில் இக்கருவிகள் இல்லாதோர் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களை ஆசிரியர் வழியாக அணுகலாம்.

தேவைப்பட்டால் ஒடுக்குதல்

ஆக்சிஜன் தொகுதிகள் நிறைந்த தாள் மின்சாரத்தைக் கடத்தாது. மின்தேக்கி, உணரி போன்ற வேலைகளுக்கு அத்தொகுதிகளில் பெரும்பகுதியை நீக்கி, ஒடுக்கப்பட்ட கிராபீன் ஆக்சைடாக மாற்ற வேண்டும். இதற்கு ஹைட்ரசீன் பழைய வழி. ஆனால் அது கொடிய நச்சு. வைட்டமின் சி எனும் அஸ்கார்பிக் அமிலமே அந்த வேலையைச் செய்யும்போது, மாணவர்கள் கையில் ஹைட்ரசீனைத் தருவதற்கு நியாயமில்லை. ஒரு மி.லி.-க்கு 0.1 மி.கி. செறிவுள்ள கரைசல் 100 மி.லி. எடுத்து, 100 மி.கி. அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, அறை வெப்பத்தில் இரண்டு நாள் கலக்கினால் மஞ்சள்பழுப்பு நிறம் கருமையாகும். சூடாக்கினால் இன்னும் விரைவில் முடியும். 230-இல் இருந்த முகடு 265 நானோமீட்டர் பக்கம் நகர்வதே ஒடுக்கம் நிகழ்ந்ததற்குச் சான்று.

மணலில் பூசுதல்

ரைஸ் பல்கலைக்கழகத்தில் புலிக்கல் அஜயன் உள்ளிட்டோர் 2011-இல் கிராபைட்டு ஆக்சைடு பூசிய மணலை நீர் வடிகட்டுதலுக்குப் பயன்படுத்திக் காட்டினர். சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழுவினர் 2012-இல் வேறொரு வழியில் சென்றனர்: சர்க்கரைப் பாகை மணலில் பூசி, நைட்ரஜன் சூழலில் 750 டிகிரி வரை சூடாக்கி, மணலின்மேலேயே கிராபீன் போன்ற படலத்தை உருவாக்கினர். நெல்லிக்குப்பம் ஆலையின் சர்க்கரையைக் கையருகே வைத்திருக்கும் நமக்கு இரண்டாம் வழி ஆவலைத் தூண்டும். ஆனால் அதற்குக் குழாய் உலை வேண்டும். சாதாரண அடுப்பு மட்டும் உள்ள ஆய்வகத்துக்கு முதல் வழியே ஏற்றது.

கடற்கரை மணலைத் தவிர்க்க வேண்டும். அதில் உப்பும், கிளிஞ்சல் துகள்களின் சுண்ணாம்பும் இருக்கும். ஆற்று மணலைச் சலித்து, அரை மில்லிமீட்டர் அளவுள்ள துகள்களை மட்டும் பிரித்து, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, வடிநீரில் கழுவி உலர்த்த வேண்டும். 10 கிராம் மணலுக்கு, மி.லி.-க்கு 3.5 மி.கி. செறிவுள்ள கூழ் 10 மி.லி. ஊற்றி, 80 டிகிரியில் அவ்வப்போது கிளறியபடி நீரை வற்றவைத்து, பிறகு படிப்படியாக 150 டிகிரிக்கு உயர்த்தி, 2 மணி நேரம் வைக்க வேண்டும். முன்னே சொன்ன 50 டிகிரி வரம்பு உலர்ந்த பொடிக்கானது. இங்கே 35 மி.கி. அளவே மெல்லிய படலமாக மணல் முழுவதும் பரவியிருப்பதால், எழும் வெப்பத்தை மணல் வாங்கிக்கொள்கிறது. ஆனாலும் அளவைக் கூட்டக் கூடாது. இந்த வெப்பத்தில் படலம் ஓரளவு ஒடுங்கி மணலோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிய பின் வடிநீர் தெளியும்வரை அலச வேண்டும்.

சோதித்தல்

மெத்திலீன் நீலக் கரைசலை லிட்டருக்கு 10 மி.கி. செறிவில் தயாரித்து, 664 நானோமீட்டரில் அளவீட்டு வரைபடம் வரைந்துகொள்ள வேண்டும். பியூரெட்டின் அடியில் கண்ணாடி இழை வைத்து, 10 கிராம் பூச்சு மணலை நிரப்பி, நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில் கரைசலை இறக்கி, ஒவ்வொரு 10 மி.லி. பகுதியையும் தனித்தனியாகச் சேகரித்து அளக்க வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு பியூரெட்டில், பூச்சு இல்லாத, ஆனால் அதே வகையில் கழுவி அதே வெப்பத்தில் வைத்த மணலை நிரப்பி, அதே சோதனையைச் செய்ய வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத முடிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. மணலின் சிலிக்காப் பரப்பே எதிர்மின்னூட்டம் கொண்டது. நேர்மின்னூட்டம் கொண்ட மெத்திலீன் நீலத்தை வெறும் மணலும் ஓரளவு பிடிக்கும். அந்த அளவைக் கழித்த பின் எஞ்சுவதே கிராபீன் ஆக்சைடின் பங்கு.

மணல் இல்லாமல் கிராபீன் ஆக்சைடை மட்டும் சோதிப்போர், தொடக்கச் செறிவிலிருந்து இறுதிச் செறிவைக் கழித்து, கரைசலின் கன அளவால் பெருக்கி, பொருளின் எடையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 10 மி.கி. செறிவுள்ள 50 மி.லி. கரைசலில் 5 மி.கி. பொருளை இட்டு, இறுதியில் 2 மி.கி. செறிவு எஞ்சினால், ஒரு கிராமுக்கு 80 மி.கி. சாயம் பிடிபட்டிருக்கிறது. இங்கே வடிதாளைப் பயன்படுத்தக் கூடாது. தாளின் செல்லுலோசும் இந்தச் சாயத்தை உறிஞ்சி, முடிவை உண்மையைவிட அழகாகக் காட்டிவிடும். மையவிலக்கியால் பிரிப்பதே சரி.

அடுத்து, அதே சாயத்தை வடிநீருக்குப் பதிலாக உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்துச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். சோடியமும் கால்சியமும் அதே இடங்களுக்குப் போட்டியிடுவதால், பிடிபடும் சாயம் குறைவதைக் காண்பீர்கள். ஆய்வேட்டில் இரு முடிவுகளையும் அருகருகே தர வேண்டும். உவர்நீர் நிறைந்த கரையோரத்தில் பயனைத் தீர்மானிப்பது இரண்டாவது எண்தான்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பருத்தித் துணிக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. கிராபீன் ஆக்சைடும் அதே மின்னூட்டம் கொண்டிருப்பதால் அவற்றை விலக்கிவிடும். மெத்திலீன் நீலத்தில் கிடைத்த வெற்றியை வைத்துக்கொண்டு எல்லாச் சாயக் கழிவுக்கும் தீர்வு கண்டதாக எழுதுவது தவறு. ரியாக்டிவ் சாயங்களுக்கு, அமீன் தொகுதி கொண்ட பொருளோடு தாளை இணைக்க வேண்டும். இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் இதற்கு மிகவும் ஏற்றது. துறைமுகமும் இறால் பண்ணைகளும் உள்ள நம் பகுதிக்கு மூலப்பொருள் அயலானதன்று. 2 சதவீதக் கைட்டோசானை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, கிராபீன் ஆக்சைடுக் கூழைக் கலந்து, ஊசிக்குழல் வழியாகச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சொட்டவிட்டால் கருமணிகள் கிடைக்கும். பி.எச். 6-க்குக் கீழே அமீன் நேர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின் சாயங்களைப் பற்றும். மாறாக, ஈயம் போன்ற உலோக அயனிகளை நீக்குவதே நோக்கமென்றால், மாற்றப்படாத கிராபீன் ஆக்சைடின் கார்பாக்சில் தொகுதிகளே போதுமானவை.

பிற பயன்கள்

ஸ்டோலர், ரூஃப் உள்ளிட்டோர் 2008-இல் வேதியியல் முறையில் மாற்றிய கிராபீனைக் கொண்டு செய்த மீமின்தேக்கி (மிகுதியான மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்தேக்கி), நீர்ம மின்பகுளியில் கிராமுக்கு 135 ஃபாரடு தேக்குதிறன் காட்டியது. சிமென்ட்டில் மிகச் சிறிதளவு கிராபீன் ஆக்சைடு சேர்த்து வலிமை கூட்டலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சிமென்ட்டின் கால்சியம் அதைக் கட்டியாக்குவதால், பாலிகார்பாக்சிலேட்டு வகைக் கலவைப்பொருளோடு சேர்த்தே இட வேண்டும். கடல்காற்றில் துருப்பிடிக்கும் இரும்புக்கு எபாக்சிப் பூச்சில் கலப்பவர்கள், அமீனோ சிலேன் கொண்டு மாற்றிய, மின்கடத்தாத வகையைத் தேர்வுசெய்ய வேண்டும். மின்கடத்தும் கிராபீன், பூச்சில் கீறல் விழுந்த இடத்தில் இரும்போடு மின்வேதி இணையாகி அரிப்பை விரைவுபடுத்தக்கூடும்.

கழிவை அகற்றுதல்

கழுவலில் சேர்ந்த அமிலநீரை வாய்க்காலில் விடக் கூடாது. பெரிய தொட்டியில் அதை நீரில் சிறுகச் சிறுக ஊற்றி நீர்க்கச் செய்து, சுண்ணாம்புக் குழம்பால் காரத்தன்மை வரும்வரை நடுநிலைப்படுத்தினால், மாங்கனீஸ் பழுப்புப் படிவாக இறங்கும். படிவையும், சாயம் ஏறிய மணலையும், பயன்படுத்திய கருமணிகளையும் தனித்தனிக் கலன்களில் அடைத்து, பெயரும் தேதியும் எழுதி, கல்லூரியின் அபாயகரக் கழிவோடு ஒப்படைக்க வேண்டும். உலர்ந்த பொடி காற்றில் பறந்து நுரையீரலுக்குள் செல்லும் தன்மையுடையது. சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இந்த மணலின் வழியாக வந்த நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிப்பதற்குரியதன்று. நுண்ணிய தாள்துண்டுகளும் எஞ்சிய மாங்கனீசும் கண்ணுக்குத் தெரியாமல் அதில் இருக்கலாம். சேகரித்த பகுதிகளை அளந்து முடித்ததும் அவற்றையும் அதே கழிவுக் கலனில் சேர்த்துவிட வேண்டும்.